திரும்பக் கூப்பிட்டினம்

1

வட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். நேரில் கண்டதில்லை. என் கூட்டாளி ஒருவனின் மைத்துனராம். ஆங்கிலச் சொற்களை லத்தீன் வேர் பிரித்துப் படிப்பதற்கு நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டாராம். அதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்ப முடியுமா, தனக்கு ஒரு பரீட்சை வருகிறது, பெரிய உதவியாக இருக்கும் என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார்.

ஓம் அல்லது இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல்ல எனக்கு இரண்டு கிழமை போய்விட்டது. காலையில் கொப்பியை எடுத்து மேசையில் வைக்கிறேன். தேத்தண்ணீர் குடிக்கிறேன். கொப்பியைத் திரும்ப அலுமாரிக்குள் வைக்கிறேன். நின்றால் இருக்க வேணும் போல, இருந்தால் நிற்க வேணும் போல ஒரே அந்தரம். கடைசியில், நடந்ததை எழுதிப்போட்டு அதையே முதலில் அனுப்புவோம், வாசித்த பிறகும் கொப்பி வேணுமென்றால் மனுசன் கேட்கட்டும் என்று முடிவு செய்தேன். ஊரில் இப்படி ஆங்கிலம் படிக்கிற மற்றவர்களும் வாசித்தால் நல்லதுதான்.

கொப்பியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கெட்டி மட்டை, இருநூறு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் நாலு நிரல். முதலாவதில் லத்தீன் வேர். இரண்டாவதில் அதற்குத் தமிழ். மூன்றாவதில் அந்த வேரிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொற்கள். நாலாவதில், அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒத்த கருத்துச் சொற்கள். முதல் மூன்று நிரலும் நிறைந்திருக்கின்றன. நாலாவது அநேகமாக வெறுமை. பிறகு எழுதலாம், பிறகு எழுதலாம் என்று விட்டதுதான்.

2

நான் இங்கிலாந்துக்கு வந்த புதிதில், ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். ஒரு நாள் எனக்கு அரசாங்கக் கடிதம் வந்தது. ‘லீவ் டு ரிமெயின்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஊரில் ஆங்கிலத்துக்கு நல்ல புள்ளி எடுத்தவன் நான். லீவ் என்றால் புறப்படு. ரிமெயின் என்றால் இரு. புறப்படு, இரு! இதென்ன விசர்க் கதை என்று யோசித்தேன். பயத்தில் முதல் சொல்லைத்தான் நம்பினேன். இரண்டு சேர்ட்டையும் ஒரு துவாயையும் பைக்குள் வைத்துக்கொண்டு பகல் முழுக்கக் கட்டில் விளிம்பில் இருந்தேன்.

அடுத்த நாள் சட்டத்தரணியின் கந்தோரில் வேலை செய்த ஒரு மனுசி கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்த ‘லீவ்’ என்பது அனுமதி என்ற பழைய அர்த்தத்தில் வருகிறதாம். இருப்பதற்கு அனுமதி. என்னை இருக்க விட்டிருக்கிறார்கள். துள்ளிக் குதித்திருக்க வேண்டிய நாள். எனக்கோ கோபம்தான் வந்தது. ஒரு சொல் என்னை ஒரு பகல் முழுக்க அகதிக்குள் அகதியாக்கிவிட்டதே என்ற கோபம்.

இனி எந்த ஆங்கிலச் சொல்லும் என்னை ஏமாற்றக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன். கொஞ்சக் காலத்தில், நூலகத்தில் கழித்துப் போட்ட புத்தகங்களுக்குள் லத்தீன் வேர்களைப் பற்றிய ஒரு கிழிந்த புத்தகம் அகப்பட்டது. அதோடு பிடித்தது இந்தப் பைத்தியம். தபால் தரம் பிரிக்கும் வேலை எனக்கு. கை கடிதத்தைப் பிரிக்கும், வாய் சொல்லைப் பிரிக்கும். ‘ஸ்பெக்ட்’ என்றால் பார். இன்ஸ்பெக்ட், உள்ளே பார். சஸ்பெக்ட், கீழ்க்கண்ணால் பார். ரெஸ்பெக்ட், திரும்பிப் பார். மரியாதை என்றால் ஒருவரைத் திரும்பிப் பார்ப்பது! வேலைத்தலத்தில் என்னைப் ‘புரொபசர்’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பகிடிக்குத்தான். எனக்கு உள்ளுக்குள் பிடித்திருந்தது.

மகள் அபிக்குப் பிடிக்கவில்லை. இங்கே பிறந்தவள், இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். “அப்பா, நோபடி செய்ஸ் கொமென்ஸ். ஸ்டார்ட் எண்டு சொல்லுங்கோ” என்பாள். அவளுக்கு ஒரு லத்தீன் வேரும் தெரியாது. தெரியாமலே அந்தப் பாஷைக்குள் வெறுங்காலோடு ஓடித் திரிகிறாள். என் கொப்பியை ஒரு நாளாவது திறந்து பார்த்ததில்லை. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். வர வர அதுவும் தோளைக் குலுக்குகிற பதில்.

3

என் தங்கை வாசுகி பருத்தித்துறையில் இருக்கிறாள். எனக்குப் பத்து வயது இளையவள். கலியாணம் கட்டவில்லை. அப்பாவையும் அம்மாவையும் கடைசி வரை பார்த்தவள் அவள்தான். நான் காசு அனுப்பினேன், அவள் கண் விழித்தாள். இருவரும் போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனி. அரசாங்க ஆஸ்பத்திரியில் பதினேழு வருடம் தாதி.

“அண்ணை, எனக்கு லண்டன் பாக்கிற ஆசையெல்லாம் இல்லை. சாப்பிடேக்கை முன்னாலை கதைக்க ஒரு ஆள் வேணும்” என்று ஒரு நாள் சொன்னாள். இங்கே நாங்கள் இருக்கிற ஊருக்குப் பக்கத்து ஊரில் ஒரு முதியோர் இல்லம் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கிறதென்று கேள்விப்பட்டு எங்களோடு வந்து இருக்கலாமே என்று அவளை விண்ணப்பிக்கச் சொன்னேன். அதற்கு ஆங்கிலப் பரீட்சை ஒன்று பாஸ் பண்ண வேண்டும். நோய்ப் பெயர்களும் மருந்துப் பெயர்களும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மற்ற ஆங்கிலம்தான் உதைத்தது. அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் எங்கள் வகுப்பு தொடங்கியது. கொப்பியையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல மாணவி. முதல் நாளே அவளைப் பிடித்துப்போட ஒரு வேலை செய்தேன். “நீ இப்ப எதிலை இருக்கிறாய்?” என்று கேட்டேன்.

“கதிரையிலை.”

“அது போர்த்துக்கீசர் கொண்டந்த சொல்லு. அதுக்கும் அடியிலை லத்தீன். முன்னாலை என்ன கிடக்குது?”

“மேசை.”

“அதுவும் லத்தீன். காலமை என்ன சாப்பிட்டனி?”

“பாண்.”

“அதுவும்தான். கொம்பானியன் எண்ட சொல்லை உடை. கொம் எண்டால் ஒண்டாய். பானிஸ் எண்டால் பாண். ஒண்டாய் இருந்து பாண் தின்னுற ஆள்தான் கொம்பானியன்.”

“அட கடவுளே! அப்ப எங்கடை குசினிக்குள்ளை இவ்வளவு நாளும் லத்தீன் கிடந்திருக்குதே” என்று சிரித்தாள். குசினியும் அப்படித்தான் என்று சொன்னபோது இன்னும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டுக் கன காலம்.

ஆனால் ஒன்று. எனக்குப் பொறுமை கிடையாது. இரண்டு மூன்று மாதம் போன பிறகும் அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்குப் போன் அடிப்பாள். “அண்ணை, ரிலக்ரன்ட் எண்டால் என்ன? அண்ணை, ரிமிட் எண்டால் என்ன?” வேலையால் களைத்து வந்த ஒரு நாள் கத்திவிட்டேன். “ஒவ்வொரு சொல்லுக்கும் என்னைக் கேளாதை! வேர் தந்திருக்கிறன்தானே, உடைச்சுப் பார்! பரீட்சைக்குள்ளை அண்ணை வந்து நிப்பனே?”

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தாள். முதியோர் இல்லமும் வேலை தருவதாகக் கடிதம் அனுப்பியது. பிறகு நாலு மாதம் அவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

4

ஆறு மாதத்துக்கு முன், ஒரு திங்கட்கிழமை, நான் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசுகி போன் எடுத்தாள்.

“அண்ணை, திரும்பக் கூப்பிட்டிட்டினம்!”

“ஆர்?”

“அந்த முதியோர் இல்லக்காரர்தான். நாலு மாசம் மூச்சுக் காட்டாமல் இருந்திட்டு இண்டைக்கு ஈமெயில் போட்டிருக்கினம். உடனடியாயாம். தயங்காமல் தொடர்பு கொள்ளட்டாம்.”

“என்ன எழுதியிருக்கினம், வாசி பாப்பம்.”

“ஏன் வாசிப்பான்? நான் உடைச்சுப் பாத்திட்டன். நீங்கள் சொல்லித் தந்த மாதிரியே. உங்களைக் கேக்காமலே!”

அந்த ‘கேக்காமலே’யில் ஒரு பெருமை இருந்தது. எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு சப்பாத்தோடு நடையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் இன்னும் சொன்னாள்.

“ஆஸ்பத்திரியிலை கடிதமும் குடுத்திட்டன், வேலையை விடுறன் எண்டு. மேற்றன் பேசினா. பதினேழு வருசச் சேவை, பென்சன் எல்லாம் போகும் பிள்ளை, யோசிச்சியோ எண்டு. புதன்கிழமை மத்தியானத் தபாலோடைதான் சுகாதாரக் கந்தோருக்கு அனுப்புவாவாம். அது வரைக்கும் தன்ரை மேசை லாச்சிக்குள்ளை வைச்சிருப்பாவாம். மனம் மாறினால் வந்து எடுத்துக்கொண்டு போகட்டாம். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது அண்ணை. இனி என்ன மனம் மாறுறது?”

“நல்லது, நல்லது” என்றேன். “அந்த ஈமெயிலை எனக்கும் ஒருக்கால் அனுப்பிவிடு. பாக்க ஆசையாய்க் கிடக்குது.”

5

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. வேலையால் வந்து உடுப்பு மாற்றாமல் திறந்து பார்த்தேன். நாலு வரி. தங்களுக்கு வழங்கப்பட்ட வேலை ‘ரிவோக்’ செய்யப்பட்டுள்ளது, உடனடியாக அமுலுக்கு வருகிறது, கேள்விகள் இருந்தால் தொடர்பு கொள்ளத் தயங்க வேண்டாம். ஒரு வருத்தமோ மன்னிப்போ இல்லை. இருந்திருந்தால் அதைப் பார்த்தாவது அவள் நின்றிருப்பாள்.

எனக்கு அந்தச் சொல் தெரியும். நன்றாகத் தெரியும். ரத்து. வேலை இல்லை. முடிந்தது கதை.

கொப்பியைத் திறந்தேன். ‘ரெ’ என்ற பக்கத்தில் தமிழ் நிரலில் என் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: திரும்ப. இன்னொரு பக்கத்தில் ‘வோக்’: கூப்பிடு. இரண்டையும் சேர்த்தால் திரும்பக் கூப்பிடு. லத்தீன் பிழையில்லை. தமிழும் பிழையில்லை. கொடுத்த வேலையை அவர்கள் திரும்பக் கூப்பிட்டு எடுத்துக்கொண்டார்கள். தன்னைத் திரும்பவும் ஒருமுறை கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வாசுகி எடுத்திருக்கிறாள். திரும்பச் சொல்லு என்றால் இன்னொரு தரம். திரும்பத் தா என்றால் பழையபடி. எங்கள் ஒரு சொல்லுக்குள் இரண்டு வழி கிடக்கிறது. எழுதும்போது எனக்கு அது கண்ணில் படவேயில்லை. வெறுமையாய் விட்ட நாலாவது நிரலில் ‘கான்சல்’ என்று ஒரு சொல் எழுதியிருந்தாலே போதும், அவள் தப்பியிருப்பாள்.

அங்கே அப்போது எட்டரை மணி. கோடை காலத்தில் நாலரை மணித்தியாலம்தான் வித்தியாசம். உடனே எடுத்திருக்க வேண்டும். அடுத்த நாள் மத்தியானம் வரை கடிதம் லாச்சிக்குள் கிடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். தொலைபேசியைக் கையில் எடுத்தேன். எப்படிச் சொல்வது?

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அப்போது செய்த வேலை இதுதான். கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, சொல் தேடினேன். கான்சல், அனல், ரிசின்ட், வித்ட்ரோ, ரிட்ராக்ட். வெறுமையாய்க் கிடந்த நாலாவது நிரல் அன்றைக்கு நிறைந்தது. அவற்றில் எது மெதுவானது? ஒன்றும் மெதுவாக இல்லை. தமிழில் தேடினேன். ‘ரத்துச் செய்திட்டினம்’, ரயிலை நிற்பாட்டுவது போல இருந்தது. ‘கொஞ்சம் பிந்தும் போல’, பொய். ‘இப்போதைக்கு நிற்பாட்டி வைச்சிருக்கினம்’, அதை விடப் பெரிய பொய். ‘கைவிட்டிட்டினம்’, அந்தச் சொல்லை என்னால் அவளுக்குச் சொல்லவே முடியாது. எழுந்து நடந்தேன். கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவினேன். மனைவி அந்தக் கிழமை கனடாவில் தமக்கை வீட்டில் நின்றாள். அவள் இருந்திருந்தால் என்னைப் பிடித்து உலுக்கியிருப்பாள்.

அவளுக்கு நோகுமே என்று சொல் தேடினேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையில்லை. நான் பயந்தேன். ‘நீங்கள்தானே அண்ணை சொல்லித் தந்தனீங்கள்’ என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் என் புரொபசர் பட்டமும் கொப்பியும் எல்லாம் தூள். அதுதான் பயம். ஆறு மணியானபோது, இப்போது அங்கே பத்தரை, படுத்திருப்பாள், எழுப்பக் கூடாது, விடியப் பார்ப்போம் என்று ஒரு சாட்டுக் கிடைத்தது. கிடைத்ததும் மனம் லேசானது. அதை நினைக்கத்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

6

புதன்கிழமை எனக்குப் பின்னேர வேலை. காலை ஆறு மணிக்கே எழும்பிக் குசினியில் இருந்தேன். முன்னால் தொலைபேசி, பக்கத்தில் கொப்பி. ஆறரை. ஏழு. முதல் வசனத்தைக் கடதாசியில் எழுதிப் பார்த்து வெட்டினேன். ஏழரையும் தாண்டியது. விடுமுறைக்கு வீட்டில் நின்ற அபி அப்போதுதான் கீழே இறங்கி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

“வாட் ஹப்பின்ட்?”

தொலைபேசியை நீட்டினேன். இரண்டு விநாடி. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. நான் முழு விஷயத்தையும், மேற்றனின் லாச்சியையும் சொல்லி முடிக்கவில்லை, இடையில் கேட்டாள்.

“மாமிக்குச் சொல்லீட்டீங்களா?”

“எப்பிடிச் சொல்லுறதெண்டு ஒரு சொல்லு...”

“அப்பா!” என்று கத்தினாள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். விரலில் எண்ணினாள். என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்து மாமிக்கு எடுத்தாள். அவளாக மாமிக்கு எடுத்தது அதுதான் முதல் தடவை.

“மாமி, அபி கதைக்கிறன். இங்கிலாந்து வேலை இல்லை. அவை உங்களை வேண்டாம் எண்டு சொல்லீட்டினம். ஐ ஆம் சோ சொறி மாமி. ஆஸ்பத்திரி லெட்டரை எடுங்கோ. இப்ப. ஓடுங்கோ!”

நான் ஒரு பின்னேரமும் ஒரு விடியலும் தேடிய சொற்கள் இவைதான். ‘இல்லை’, ‘வேண்டாம்’. கொப்பியில் இல்லாத சொற்கள்.

“அண்ணை பக்கத்திலை நிக்கிறாரே?” என்று வாசுகி கேட்டாள்.

“ஓம் மாமி.”

“அண்ணை, உண்மையே?”

“ஓம் பிள்ளை” என்றேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது.

அவள் தொலைபேசியை நிற்பாட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டே ஓடினாள். செருப்புச் சத்தம், யாரையோ விலகச் சொன்ன சத்தம், கதவுச் சத்தம். பிறகு மேற்றனின் குரல் தெளிவாகக் கேட்டது. “ஐயோ பிள்ளை, இப்பதானே பியோன் கொண்டு போறான். இருபது நிமிசம் ஆகேல்லை.”

ஓட்டோ பிடித்துக் கந்தோருக்குப் போனாளாம். அங்கே கடிதம் பதிவுப் புத்தகத்தில் ஏறிவிட்டது. ஏறினதை எடுக்க முடியாது, வேணுமென்றால் எழுத்தில் கேளுங்கோ, மேலிடம் முடிவு செய்யும் என்றார்களாம். அங்கே கிடந்த மர வாங்கில் இருந்துகொண்டே தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் ஒரு நல்ல ஆங்கிலக் கடிதம் எழுதி அனுப்பட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம் அண்ணை” என்றாள்.

7

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. அது சுத்தத் தமிழில் இருந்தபடியால் யாருக்கும் விளங்காமல் போகவில்லை. பதவி விலகல் ஏற்கப்பட்டதுதான், மாற்றமில்லை. பதினேழு வருடமும் போயிற்று. இப்போது நெல்லியடியில் ஒரு தனியார் கிளினிக்கில் புண்ணுக்கு மருந்து கட்டுகிறாள். வேலை கூட, சம்பளம் குறைவு. பென்சன் என்ற பேச்சே இல்லை. பழையபடி அதே வீடு, தனிச் சாப்பாடு.

இதில் எனக்கு விளங்காதது அபி. ஒரு வசனம் தமிழ் பேச அழுகிறவள் இப்போது கிழமைக்கு ஒரு தரம் மாமிக்கு எடுக்கிறாள். பாதித் தமிழும் பாதி ஆங்கிலமும் கலந்து இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் அறைக்குள் போனால் பேச்சுக் குறையும். வைத்த பிறகு என்னைப் பார்த்து ஒரே கேள்விதான். “செவ்வாய்க்கிழமையே உங்களுக்குத் தெரியும் எண்டு மாமிக்குச் சொல்லீட்டீங்களா?” இல்லை என்பேன். மேலே ஏறிப் போய்விடுவாள். மூன்று தரம் கேட்டுவிட்டாள்.

அபி பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கும் தெரியும் என்று வாசுகி நினைத்துக்கொண்டிருந்தாள். அல்லது அப்படி நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் நான் எடுப்பேன். மழை, விலைவாசி, யார் செத்தது, யாருக்குக் கலியாணம் என்று கதைப்போம். நுனி நாக்கு வரை வரும், விழுங்கிவிடுவேன். வட்டுக்கோட்டைக்காரர் கொப்பியைக் கேட்டு எழுதிய பிறகுதான் இனி ஏலாது என்றாயிற்று. தங்கைக்கு உண்மையைச் சொல்லாதவன் அடுத்தவனுக்கு என்னத்தைப் படிப்பிக்கிறது?

போன ஞாயிறு எடுத்தேன். சொல் ஒன்றும் தேடவில்லை.

“வாசுகி, ஒண்டு சொல்லவேணும். அந்த ஈமெயிலை நான் செவ்வாய்க்கிழமையே பாத்திட்டன். ரத்தெண்டு அப்பவே எனக்கு விளங்கீட்டுது. நேரமும் இருந்தது. நான் உனக்குச் சொல்லேல்லை. பயந்து போனன்.”

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

“தெரியும் அண்ணை” என்றாள்.

“என்னெண்டு தெரியும்? அபி சொன்னவளே?”

“சீ, அவள் ஒண்டும் சொல்லேல்லை. நான் அனுப்பினதுக்குக் கீழை ரெண்டு சரியும் நீலமாயிட்டுதே, செவ்வாய்க்கிழமை எட்டரைக்கு. அண்ணை பாத்திட்டார், சந்தோசத்திலை பதில் போட மறந்திட்டார் எண்டுதான் அண்டைக்கு நினைச்சனான். அடுத்த நாள் கந்தோர் வாங்கிலை இருக்கேக்கைதான் விளங்கினது.”

“அப்ப ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் என்னை ஒரு வார்த்தை கேக்கேல்லை?”

“நீங்களாய்ச் சொல்லுவியள் எண்டு பாத்தனான். ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்கும். இண்டைக்குச் சொல்லுவார் எண்டு எடுப்பன். மழை பெய்ததோ எண்டு கேப்பியள். இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை அண்ணை. எண்ணிக்கொண்டிருந்தனான்.”